ஆலையைத் தொடக்கிவைத்த சுவிட்ச்: வெள்ளித் தகடு ஏன் கறுத்துக்கொண்டே இருந்தது?

ஆயுத பூஜைக்கு மூடிய கண்ணாடிப் பெட்டியைப் பொங்கல் கழித்துத் திறந்து பார்த்தோம். இடையில் வடகிழக்குப் பருவமழை முழுதாகப் பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளித் தகடு வைத்தபடியே இருந்தது. ஓரத்தில்கூட மஞ்சள் ஏறவில்லை. அந்தத் தகடு அந்தப் பெட்டிக்குள் ஒரு மழைக்காலத்தைக் கறுக்காமல் தாண்டியது வீட்டுக்காரர்களுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல்முறை. வேலை பலித்துவிட்டது என்று இப்போது சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன். பழைய மின்பொருள்கள் வைத்திருப்பவர்களில் சிலர் வீட்டிலாவது இதே சிக்கல் இருக்கும்.

பொருள் இதுதான்: கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் திறப்பு விழாவில், வந்திருந்த பெரியவர் கையால் போட்ட நைஃப் சுவிட்ச். பழைய மின்பலகைகளில் பார்த்திருப்பீர்கள். கீலில் ஆடும் இரண்டு செப்புக் கத்திகள், அவற்றைக் கவ்விக்கொள்ளும் இரண்டு ஜோடித் தாடைகள், பிடித்து இழுக்க ஒரு கறுப்புப் பிடி. இதை 9 அங்குலத்துக்கு 6 அங்குலமாக அறுத்த முக்கால் அங்குல ஸ்லேட் கல்லில் பொருத்தி, கல்லை ஒரு தேக்குப் பலகையில் பதித்திருக்கிறார்கள். கல்லுக்குக் கீழே வெள்ளித் தகடு. அதில் ஆலையின் பெயர், தொடக்கிவைத்தவர் பெயர், 'ஸ்ரீமுக வருஷம் தை மாதம்' என்ற வரி. ஆங்கிலக் கணக்கில் 1934ஆம் ஆண்டின் தொடக்கம். பெயர்கள் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை.

அந்த ஆண்டைக் கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டும். இங்கே ஆலைத் தொழில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையோடு வந்தது. ஆனால் அது நீராவிக் காலம். 1929இல் வேலை தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கிளென்மார்கனிலிருந்து சிங்காரா மின்நிலையத்துக்கு 3,000 அடிக்கும் மேல் குழாயில் இறங்கிய தண்ணீர்தான் அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் இந்த ஊரில் ஆலைகளை வரிசையாக எழுப்பியது. அப்படி எழுந்த ஓர் ஆலைக்கு அடிக்கல்லும் சாந்துக் கரண்டியும் பொருத்தமான சின்னமாக இருந்திருக்காது. சுவிட்சைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் தன் காலத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்.

ஆலை மூடிப் பழைய இரும்போடு இதுவும் வெளியேறவிருந்த நேரத்தில், அங்கே மேஸ்திரியாக இருந்த ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது அவருடைய மருமகள் வைத்திருக்கிறார். அவர் என்னிடம் கொடுத்தபோது சொன்ன ஒரு வாக்கியம் பின்னால் பெரிய தடயமாக ஆனது: "தேச்சா வெள்ளையாத்தான் வரும்ங்க தம்பி. ஆயுத பூசைக்குத் தேச்சு வெச்சா பொங்கலுக்குள்ள மறுக்காவும் கறுத்துப் போயிரும். பூசை அறையில இருக்கற வெள்ளி விளக்குக்கூட இந்தளவுக்குக் கறுக்கறதில்லீங்க."

முதலில் அளவுகள்

எதையும் துடைப்பதற்கு முன் படம், அளவு, எடை. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கடித்து எடுத்த படங்கள் நேர்ப் படங்களைவிடப் பல மடங்கு பயன்பட்டன. தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் எழுத்தின் ஆழமும் அதில்தான் தெரிந்தன.

கத்திகள் 114 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். தகடு 92க்கு 50 மி.மீ. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் 1.02 மி.மீ., நடுவில் 0.91 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுதோறும் விபூதி போட்டுத் தேய்த்ததால் போன வெள்ளி. வலப்பக்க எழுத்துகளைவிட நடுவில் உள்ளவை ஆழம் குறைந்திருந்தன. விபூதியால் வீட்டு வெள்ளிப் பாத்திரம் துலக்குவது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள பழக்கம். பாத்திரத்துக்கு அது பெரிய கேடு செய்யாது. ஆனால் சாம்பலில் மணல் துகள் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெட்டிய எழுத்துள்ள மெல்லிய தகட்டில் ஒவ்வொரு தேய்ப்பும் எழுத்தைக் கரைக்கும். இன்னும் ஐம்பது ஆண்டுகள் இப்படியே போயிருந்தால் பெயர் இருந்த இடம் வழவழப்பாகியிருக்கும்.

தகடு முழு வெள்ளியா, முலாமா என்பது தெரிந்தாக வேண்டும். முலாம் என்றால் தேய்க்கவே கூடாது. உரைத்துப் பார்க்க மனமில்லை. எனவே எடை போட்டுப் பார்த்தேன். காற்றில் 46.20 கிராம். பிறகு தராசின் மேல் காய்ச்சி வடித்த நீருள்ள குவளையை வைத்து, பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய தகட்டை அடியைத் தொடாமல் நீரில் முக்கினால் காட்டும் எண்தான் கன அளவு: 4.46. வகுத்தால் 10.36. ஸ்டெர்லிங் எனப்படும் 92.5 சதவீத வெள்ளியின் அடர்த்தி அதுவே. முலாம் பூசிய நிக்கல் வெள்ளியாக இருந்தால் 8.7 பக்கம் நின்றிருக்கும். 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் போதும். நூல் மெல்லியதாக இருக்க வேண்டும், தகட்டில் காற்றுக் குமிழி ஒட்டக்கூடாது.

பின்புறத்தில் முத்திரை எதுவும் இல்லை. எழுத்து நேராக வர, வெட்டியவர் ஊசியால் கீறிய மெல்லிய வரிக்கோடுகள் முன்புறத்தில் இன்னும் இருக்கின்றன. 'ஸ்ரீ' எழுத்து இடம் போதாமல் வரிக்கு மேலே ஏறியிருக்கிறது. கைவேலை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

கழற்றல்

திருகுகள் எல்லாம் பி.ஏ. மரை (பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய திருகு அளவுமுறை). டெர்மினல் திருகுகள் 2 பி.ஏ., தகட்டைப் பிடித்திருந்தவை 4 பி.ஏ. பழைய மின்பொருள் திறப்பவர்களுக்கு இது முக்கியம். 2 பி.ஏ. திருகு 4.7 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 0.81 மி.மீ. இன்றைய எம்5 திருகோ 5 மி.மீ. விட்டம், 0.8 இடைவெளி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் எம்5 இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு பித்தளையைப் பிய்த்துக்கொண்டு இறுகும். டெர்மினலில் ஒரு திருகு காணாமல் போயிருந்தது. அந்த ஓட்டையில் ஏற்கெனவே யாரோ எம்5 முயன்ற தடம் இருந்தது. நல்லவேளை, இரண்டு சுற்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். மரை வெட்டும் 2 பி.ஏ. டேப் விட்டுத் துலக்கியதும் மரை சரியாகிவிட்டது.

பிடிதான் சிரமம். எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்த பிடி, 78 மி.மீ. நீளம், பருத்த இடத்தில் 32 மி.மீ. விட்டம். நடுவே கால் அங்குல பித்தளைத் தண்டு, தண்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. இறுகிய தண்டைக் கழற்ற சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடு காட்டுவது பட்டறைகளில் வழக்கம். எபோனைட்டில் அதைச் செய்யவே கூடாது. சூட்டில் அது இளகும், கந்தக வாடையோடு ஆவி கிளம்பும், ஆறும்போது கோணலாகும். எண்ணெய் விடவும் துணியவில்லை. அதனால் பிடியிலிருந்து தண்டைப் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, தண்டின் மறுமுனையில், இரண்டு கத்திகளையும் இணைக்கும் குறுக்குக் கட்டையின் அடியிலிருந்த நட்டைக் கழற்றினேன். பிடியும் தண்டும் ஒரே துண்டாக வெளியே வந்துவிட்டன. அவை இன்னும் பிரியாமலே இருக்கின்றன, இருக்கட்டும்.

பிடி இப்போது கறுப்பாக இல்லை. கண்ணாடிப் பக்கம் பார்த்திருந்த பாதி பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். பலகைப் பக்கம் திரும்பியிருந்த பாதி இன்னும் கறுப்பு. இந்த வேறுபாட்டைக் கண்டதும்தான் சந்தேகம் வலுத்தது. ஒரு பஞ்சுக் குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, பழுப்பான இடத்தில் ஒற்றி, பி.எச். தாளில் வைத்தேன். மூன்றுக்கும் கீழே காட்டியது. புளித்த மோரைவிட அமிலம். கறுப்பான பக்கத்தில் ஐந்துக்குப் பக்கத்தில் நின்றது. குறுக்குக் கட்டை சிவப்பு ஃபைபர்; அங்கே தாள் நிறம் மாறவில்லை.

எபோனைட் என்பது ரப்பரோடு ஏராளமாகக் கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூடக் கந்தகம் இருக்கும். வெளிச்சமும் ஈரக்காற்றும் பட்டால் அந்தக் கந்தகம் மெல்ல வெளியேறி மேற்பரப்பில் அமிலமாகவும் காற்றில் வாயுவாகவும் ஆகும். வெள்ளியைக் கறுக்கவைப்பதும் கந்தகம்தான். பூசை அறை விளக்கு கறுக்காமல் இது மட்டும் கறுத்ததற்குக் காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஜாடிச் சோதனை

சந்தேகம் சான்றாகாது. பெட்டியின் உட்புறம் சிவப்பு கம்பளி ஃபெல்ட் ஒட்டியிருந்தது. கம்பளியிலும் கந்தகம் உண்டு. குற்றம் பிடியுடையதா, ஃபெல்ட்டுடையதா, இரண்டுமா?

அருங்காட்சியகங்களில் ஒரு பெட்டிக்குள் வைக்கும் துணி, பலகை, பெயின்ட் எல்லாவற்றையும் சோதிக்க ஆடி சோதனை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வகுத்தது. சோதிக்க வேண்டிய பொருளையும் வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் சிறிது நீரோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். அசல் பிடியை 60 டிகிரியில் வைக்க முடியாது என்பதால் நான் அறைவெப்பத்தில், கூடுதல் காலம் எடுத்துச் செய்தேன்.

வாயகன்ற மூடியுள்ள ஒரே அளவு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் பிடி, ஒன்றில் ஃபெல்ட்டிலிருந்து வெட்டிய துண்டு, ஒன்று காலி. ஒவ்வொன்றிலும் நூலில் தொங்கும் வெள்ளித் துண்டு, மூலையில் நனைத்த பஞ்சு உள்ள சிறு கிண்ணம். வெள்ளிப் பட்டறையில் கேட்டால் 0.3 மி.மீ. தகட்டில் விரல்நக அளவுத் துண்டுகள் எடை போட்டுத் தருவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துலக்கி, நைட்ரைல் கையுறையோடு மட்டுமே தொட வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையில் இருக்கும் கந்தகமே சோதனையைக் கெடுத்துவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் விரல்ரேகை கறுப்பாக மேலெழும்.

கறுப்பதற்கு முன் வெள்ளி சில நிறங்களைக் கடக்கும். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதாவும் நீலமும், கடைசியில் கறுப்பு. சில வாரங்களில் பிடி இருந்த ஜாடியில் துண்டு பழுப்பைத் தாண்டி ஊதாவுக்குப் போய்விட்டது. ஃபெல்ட் ஜாடியில் வெளிர்மஞ்சள். காலி ஜாடியில் மாற்றமில்லை. முதல் குற்றவாளி பிடி, துணைபோனது ஃபெல்ட். பெட்டியை இறுக மூடி வைக்க வைக்கக் கறுப்பு வேகமாக ஏறியதும் புரிந்தது. தூசு படாமலிருக்க எடுத்த அக்கறையே வாயுவை உள்ளே தேக்கியது.

தகட்டைத் துலக்கல்

அலுமினியத் தாள், சோடா உப்பு, கொதிநீர் வழியை ஒரு பழைய வெள்ளிக் கரண்டியில் பார்த்தேன். கறுப்பு நிமிடத்தில் போகிறது, வெள்ளியும் வீணாவதில்லை. ஆனால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி நிற்கிறது, மீண்டும் தேய்த்தால்தான் ஒளி வரும். இந்தத் தகட்டுக்கு அது இன்னொரு காரணத்தாலும் ஆகாது. எழுத்துகளின் பள்ளத்தில் கறுப்பாக ஏதோ நிரப்பியிருந்தார்கள். ஓரத்து எழுத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சை ஒற்றியதும் பஞ்சு கறுப்பும் பழுப்புமாகக் கறை பிடித்தது. அரக்கில் கரி குழைத்து நிரப்பியது. கொதிநீரில் இளகும், ஆல்கஹாலில் கரையும். ஆகவே சூடும் கூடாது, சாராயமும் கூடாது.

மிஞ்சியது வீழ்படிவுச் சுண்ணாம்புத்தூளும் காய்ச்சி வடித்த நீரும் மட்டும். ஆய்வகப் பொருள் கடைகளில் வீழ்படிவு கால்சியம் கார்பனேட் என்று கேட்டால் கிடைக்கும், நான் வாங்கியபோது 500 கிராம் 160 ரூபாய். துகள் ஒரே சீராக, மிருதுவாக இருக்கும். தயிர்ப் பதத்தில் குழைத்து, மூங்கில் குச்சியில் சுற்றிய பஞ்சால், எழுத்தைத் தவிர்த்து, ஒரே திசையில். பஞ்சு கறுத்ததும் எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த அழுக்கே கீறும். எழுத்துகளுக்கு இடையே உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை. மெதுவாகத்தான் போகும், அதைச் சுருக்க வழி இல்லை. கண்ணாடிபோல் ஆகும்வரை போகாமல், எழுத்து தெளிவாகத் தெரிந்து கறுப்பு மேகம் விலகியதும் நிறுத்தினேன். ஊசி வரிக்கோடுகள் தப்பின. பள்ளத்து அரக்கும் தப்பியது.

வார்னிஷ் பூசலாமா என்று யோசித்தேன். பூசினால் சில ஆண்டுகள் நிற்கும். ஆனால் ஒரு ஊசிமுனை அளவு விடுபட்ட இடத்தில் கறுப்பு குவிந்து புள்ளியாகும், பின்னால் அதை எடுக்க வார்னிஷைக் கரைத்தால் அரக்கும் சேர்ந்து கரையும். காரணத்தை அகற்றிவிட்ட பிறகு பூச்சு தேவையில்லை என்பது என் முடிவு.

செம்பும் தீப்பொறித் தடமும்

கத்திகளில் கறுப்பும் செம்பழுப்பும் படிந்திருந்தன. புளியும் உப்பும் போட்டால் நொடியில் பளிச்சென்று வரும். ஆனால் உப்பின் குளோரைடு செம்பின் நுண்துளைகளில் தங்கிவிட்டால் பின்னால் பச்சைப் பொடியாகக் கிளம்பும். தினமும் கழுவும் குடத்துக்குக் கவலையில்லை. தாடையின் மடிப்புகளில் போய்த் தங்கினால் கழுவி எடுக்க முடியாது. இங்கே அரக்கு இல்லாததால் சுண்ணாம்புத்தூளை ஆல்கஹாலில் குழைத்தே துடைத்தேன், மடிப்புகளுக்கு மூங்கில் சீவல். செம்பின் இயல்பான பழுப்பு வந்ததும் நிறுத்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு.

ஒரு கத்தியின் நுனியில், தாடையை விட்டுக் கடைசியாக விலகும் விளிம்பில், கடுகளவு உருகிய தடம் இருந்தது. மற்றொன்றில் அதைவிடச் சிறியது. நைஃப் சுவிட்சைப் போடும்போது பெரிதாகப் பொறி வராது, மின்சாரம் ஓடும் நிலையில் இழுத்துத் திறக்கும்போதுதான் வரும். ஆக இந்தச் சுவிட்சில் உண்மையிலேயே மின்சாரம் ஓடியிருக்கிறது. யாரோ அந்த நிலையில் திறந்தும் இருக்கிறார்கள். தினம் உழைத்த சுவிட்சில் நுனி முழுவதும் அரித்துப் போயிருக்கும். இங்கே தடம் இவ்வளவுதான். விழாவுக்காகச் செய்து, ஏறக்குறைய விழாவோடு ஓய்ந்த பொருள். அந்த இடத்தில் பஞ்சுகூடப் படவில்லை. இந்தப் பொருளில் எனக்கு எல்லாவற்றையும்விட மதிப்பானது அந்தக் கடுகளவு தடம்தான்.

எதை ஓட்டியது? டெர்மினலில் ஒட்டிக்கொண்டிருந்த கம்பித் துண்டு பதில் சொன்னது. பருத்தி நூல் பின்னிய ரப்பர் உறைக்குள் 0.74 மி.மீ. விட்டமுள்ள மூன்று இழைகள். அந்நாள் அளவில் 3/.029, அதாவது .029 அங்குல இழை மூன்று. மொத்தம் 1.3 சதுர மி.மீ. செம்பு, பத்து ஆம்பியர் பக்கம்தான் தாங்கும். 400 வோல்ட்டில் ஓடும் நூறு குதிரைத்திறன் மோட்டார் ஒன்றே 130 ஆம்பியர் போல இழுக்கும். ஆக மோட்டார் இந்தச் சுவிட்சில் ஓடவில்லை. இதில் ஒரு மணி ஒலித்திருக்கும் அல்லது ஒரு விளக்கு எரிந்திருக்கும். அந்தச் சைகை பார்த்து மோட்டார் அறையில் ஸ்டார்ட்டரைப் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மேடையில் ஒரு கை, மோட்டார் அறையில் இன்னொரு கை. தகட்டில் முதல் கையின் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்தக் கம்பியின் இழைகள் வெட்டுவாயில் வெள்ளையாக இருந்தன, செம்புக்கு மேல் வெள்ளீயம் பூசியிருந்தார்கள். கம்பி செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது: ரப்பர் உறையின் கந்தகம் வெறும் செம்பைத் தின்றுவிடும் என்பதால்தான் அந்தப் பூச்சு. அதே பெட்டியில் வெள்ளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கம்பித் துண்டை வெட்டாமல் பாலியெஸ்டர் தாளில் சுற்றி, பிடியோடு சேர்த்துத் தனியே வைத்துவிட்டேன்.

ஸ்லேட்டின் உடைந்த மூலை

கீழ் இடது மூலை, திருகு ஓட்டை வழியாக முக்கோணமாக உடைந்திருந்தது. துண்டு பத்திரமாக இருந்தது. பின்னால் யாராவது பிரிக்க நினைத்தால் பிரியவேண்டும் என்பதற்காக, அசிட்டோனில் கரையும் பாராலாய்டு பி-72 பசையாலேயே ஒட்டிவிட நினைத்து, முதலில் பழைய பள்ளிக்கூட சிலேட்டை (இப்போது வரும் தகரச் சிலேட்டு உதவாது, கல் சிலேட்டு வேண்டும்) உடைத்து ஒட்டி மொட்டைமாடி அறையில் வைத்தேன். சித்திரை வெயிலில் ஒட்டிய இடம் மெல்ல நழுவியிருந்தது. அந்தப் பசை 40 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். குளிர்நாடுகளில் கவலையில்லை, கூரைக்கு அடியில் உள்ள நம் அறைகளில் அந்தச் சூடு வந்துவிடும். தவிர, ஸ்லேட் அடர்த்தியான கல். இடையில் சிக்கிய அசிட்டோன் வெளியேற வழி தேடி வெகுகாலம் எடுத்துக்கொள்கிறது.

அதனால் பி-72ஐயும் எப்பாக்ஸியையும் சேர்த்தேன். உடைந்த இரு முகங்களிலும் 10 சதவீத பி-72 கரைசல் இரண்டு பூச்சு, ஒரு முழுநாள் உலர்த்தல். அதற்குமேல் சாதாரண அரால்டைட் எப்பாக்ஸி, எடையில் பிசின் 10க்குக் கெட்டியாக்கி 8. எப்பாக்ஸி கல்லைத் தொடாது, பி-72 படலத்தைத்தான் பிடிக்கும். அசிட்டோன் ஆவியில் வைத்தால் பின்னாளில் பிரிக்கலாம். பிடிக்கும்வரை துண்டு வழுக்காமலிருக்க ஜி-கிளாம்பைவிட, பலகையில் ஆணியடித்த இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே ஆப்பு வைத்து நெருக்கியது நன்றாக நின்றது. விளிம்பில் சிதறிப்போன இடங்களை, அந்தச் சிலேட்டையே அரைத்த தூளை பி-72இல் குழைத்து அடைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோடு தெரியும், தெரியட்டும்.

பிடியை என்ன செய்வது?

வீட்டாரோடு நெடுநேரம் பேசியது இதைப் பற்றித்தான். பேனா பழுதுபார்ப்பவர்கள் பழுப்பேறிய எபோனைட்டைத் தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பாக்குவார்கள். அப்படிச் செய்தால் அழகாகும். ஆனால் கந்தகம் அடியில் இருந்துகொண்டேதான் இருக்கும், கூடவே தொடக்கிவைத்தவர் கை பட்ட மேற்பரப்பும் போய்விடும். பெட்டியிலிருந்து பிடியை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொன்னதும் அந்த அம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பெரியவரு கை பட்டது பிடியிலதானுங்களே தம்பி? அதையே எடுத்துட்டா இதுல என்னங்க இருக்குது?" நியாயமான கேள்வி. ஊதா நிறம் ஏறிய வெள்ளித் துண்டை ஜாடியோடு காட்டிய பிறகுதான், அவரே ஒரு வழி சொன்னார்: பெட்டியில் மாற்றுப் பிடி இருக்கட்டும், ஆயுத பூசை அன்று அசல் பிடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பூ வைத்துக்கொள்கிறோம்.

மாற்றுப் பிடியை கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். மரம் வேண்டாம் என்று தீர்மானித்தேன், சில மரங்களின் அமிலம் உலோகத்துக்கு ஆகாது. 35 மி.மீ. கறுப்பு அக்ரிலிக் உருளை, 250 ரூபாய். கடைசல் கூலி 700. அசலின் வடிவத்தை அட்டையில் வெட்டி எடுத்துப் போனதால் வளைவு அப்படியே வந்தது. அக்ரிலிக் சூட்டில் உருகி உளியில் ஒட்டும். கடைபவர் வேகத்தைக் குறைத்து, சோப்பு நீர் விட்டுக்கொண்டே எடுத்தார். "இது அசல் இல்லீன்னு அடியில வெட்டி வெச்சிருங்கண்ணா, நாளைக்கு யாராச்சும் ஏமாந்துருவாங்க" என்று அவர் சொன்னதும் சரியெனப் பட்டு, அடிமுகத்தில் செய்த ஆண்டைப் பொறிக்கச் சொன்னேன். காணாமல் போயிருந்த 2 பி.ஏ. திருகையும் அங்கேயே பித்தளையில் கடைந்துகொண்டேன். டையும் டேப்பும் சேர்த்து 850.

அசல் பிடியை ஈரம் ஒற்றிய பஞ்சால் இரண்டு முறை மட்டும் ஒற்றி, மேலே படிந்திருந்த அமிலத்தை எடுத்து, உடனே உலர்த்தினேன். வெந்நீர் படவே கூடாது. இப்போது அது வெளிச்சம் புகாத அட்டைப் பெட்டியில், காற்றோட்டத்துக்குப் பக்கவாட்டில் ஓட்டைகளோடு, வெள்ளியோ செம்போ இல்லாத வேறொரு அலமாரியில் இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஃபெல்ட்டை உரித்து, பசையைச் சுரண்டி, சலவைத்தூள் போடாமல் கொதிக்க வைத்து அலசிய காடாத் துணியை ஒட்டாமல் ஆணியில் இழுத்துக் கட்டினேன். துணியையும் ஜாடியில் வெள்ளித் துண்டோடு வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டேன். பலகைக்குப் பின்னால் கரித்தூள் பொட்டலங்கள், தெருவிலிருந்து வரும் புகைக்காக. தகட்டுக்குப் பக்கத்தில் சாட்சியாக ஒரு சிறு வெள்ளித் துண்டு தொங்குகிறது. தகடு மஞ்சளாகும் முன் அது சொல்லிவிடும்.

மொத்தச் செலவு 7,220 ரூபாய். அதில் பாதிக்கு மேல் மெழுகு டப்பாவுக்கும் (2,350) பி-72 மணிகளுக்கும் (1,450) போனது. இரண்டும் இன்னும் பல வேலைகளுக்கு மிச்சம் இருக்கின்றன. ஜாடிச் சோதனைக்கு ஆன செலவு மிகக் குறைவு, அதுதான் விடை சொன்னது.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். பொருள் வீட்டுக்கு வந்த அன்றே ஜாடிகளை வைத்துவிட்டு, அவை விடை சொல்லும்வரை ஸ்லேட், திருகு வேலைகளைப் பார்ப்பேன். காத்திருப்பில் போகும் காலம் மிச்சமாகும். அரக்குச் சோதனையை ஓரத்து எழுத்தில் செய்ததற்குப் பதில் ஏதாவது ஒரு புள்ளியில் செய்வேன். கரித்தூளை எப்போது மாற்றுவது என்பதற்கு இன்னும் என்னிடம் நிலையான கணக்கு இல்லை. இப்போதைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூசைக்குப் பெட்டியைத் திறக்கும்போது மாற்றிவிடுமாறு சொல்லியிருக்கிறேன். விபூதியும் துணியும் எடுக்க வேண்டாம், சாட்சித் துண்டை மட்டும் பாருங்கள் என்று பெட்டியின் பின்புறம் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.